நண்பர்களோடு சாஃப்ட்பால்: கிரிக்கெட் மட்டும் ஆடியவர் அணியில் சேரலாமா?

நீங்கள் கேட்டது இது: நண்பர்கள் ஒரு சாஃப்ட்பால் அணி அமைத்து, வாரம் ஒரு மாலை நடக்கும் பொழுதுபோக்கு லீக்கில் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்களையும் கூப்பிடுகிறார்கள். பள்ளி நாட்களில் கிரிக்கெட் ஆடியதோடு சரி, சாஃப்ட்பாலைத் தொட்டதுகூட இல்லை. சேர்ந்தால் பாரமாகிவிடுவோமோ, முதலில் எதைக் கற்றுக்கொள்வது, தோல்விகளால் நட்பு கெடுமோ, என்ன வாங்க வேண்டும்?

சேருங்கள், தயங்க வேண்டாம். இப்படிப்பட்ட அணிகளில் பல வருடங்கள் ஆடியிருக்கிறேன், நடத்தியும் இருக்கிறேன். அதில் நான் கண்டது ஒன்று உண்டு. நண்பர்கள் அணியின் ஆயுள், அதிலேயே குறைவாக ஆடத் தெரிந்தவர் அடுத்த வாரமும் ஆசையோடு வருகிறாரா என்பதைப் பொறுத்தது. அவர் வந்துகொண்டிருந்தால் அணி பத்து வருடம்கூட ஓடும். அவர் மெல்ல நழுவினால் அடுத்து இன்னொருவர் நழுவுவார், அப்புறம் ஆள் சேராமல் ஆட்டங்களை விட்டுக்கொடுக்க வேண்டி வரும். நீங்கள்தான் அந்த ஆள் என்றால், அணிக்கு உங்களைவிட முக்கியமானவர் இல்லை.

இதற்குக் காரணம் ஆட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. கிரிக்கெட்டில் பதினோராவது ஆளுக்கு பேட்டிங் வராமலே ஆட்டம் முடிந்துவிடலாம். பந்து அதிகம் வராத மூலையில் நின்றே பொழுதைக் கழித்துவிடலாம். சாஃப்ட்பாலில் அப்படி ஒளிந்துகொள்ள முடியாது. மூன்று பேர் அவுட் ஆனால் ஒரு இன்னிங்ஸ் முடியும், அப்படி இரு அணிக்கும் 7 இன்னிங்ஸ். பேட்டிங் வரிசை சுற்றிச் சுற்றி வருவதால் ஒவ்வொருவரும் ஒரு மாலையில் மூன்று நான்கு முறை பேட் பிடித்தே ஆக வேண்டும். முதல் முறை அவுட் ஆனால் அன்றைய நாள் முடிந்தது என்ற கிரிக்கெட் சோகம் இங்கே இல்லை. சற்று நேரத்தில் பேட் மறுபடி கைக்கு வரும். புதியவருக்கு இதைவிட இரக்கமுள்ள ஆட்டம் எனக்குத் தெரியாது.

ஆட்டம் பிறந்த விதமும் அப்படித்தான். 1887இல் சிகாகோவில், ஃபாராகட் படகு கிளப்பின் உடற்பயிற்சிக் கூடத்தில், ஒரு அமெரிக்கக் கால்பந்துப் போட்டியின் முடிவுக்காகக் காத்திருந்தவர்கள் பொழுது போகாமல் ஒரு பாக்ஸிங் கிளவுஸைச் சுருட்டிப் பந்தாக்கி, துடைப்பக் கழியால் அடித்து விளையாடினார்கள். அங்கிருந்த ஜார்ஜ் ஹான்காக் அதற்கு விதிகள் வகுத்தார். 1895இல் மினியாபொலிஸில் லூயிஸ் ரோபர் என்ற தீயணைப்பு வீரர், வேலை இல்லாத நேரத்தில் தன் சகாக்கள் சோம்பிக் கிடக்கக் கூடாது என்று நிலையத்தின் பக்கத்துக் காலி இடத்தில் இதே மாதிரி ஒரு ஆட்டத்தைத் தொடங்கிவைத்தார். சாஃப்ட்பால் என்ற பெயர் 1926இல்தான் வந்தது. கூட வேலை செய்பவர்கள், கூடிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் உண்டாக்கிய ஆட்டம் இது. உங்கள் நண்பர்கள் செய்வது அதன் ஆதி வழக்கம்தான்.

பெயரை மட்டும் நம்பிவிடாதீர்கள். பந்து மென்மையானது அல்ல. வழக்கமான பந்தின் சுற்றளவு 12 அங்குலம், எடை 180 முதல் 200 கிராம் வரை. கிரிக்கெட் பந்து 163 கிராமைத் தாண்டாது. அதைவிடப் பெரியது, கனமானது, தோலின் மேல் பட்டால் நன்றாகவே வலிக்கும்.

நண்பர்களிடம் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் ஆடப்போவது ஸ்லோ பிட்சா, ஃபாஸ்ட் பிட்சா? ஒலிம்பிக்கில் பார்த்தது, கையை முழு வட்டமாகச் சுழற்றி வீசுவது, ஃபாஸ்ட் பிட்ச். அங்கே நல்ல பிட்சர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசுவார். புதியவர் அதில் பேட்டைப் பந்தில் படவைக்கவே மாதங்கள் ஆகும். பொழுதுபோக்கு லீக்குகள் பெரும்பாலும் ஸ்லோ பிட்ச். பிட்சர் 50 அடி தொலைவிலிருந்து, கையைக் கீழிருந்து கொண்டுவந்து, பந்தை வளைவாக உயர்த்திப் போட வேண்டும். வளைவு குறைந்தது 6 அடி உயரம், அதிகபட்சம் லீக்கைப் பொறுத்து 10 அல்லது 12 அடி. ஒரு பக்கம் பத்துப் பேர் ஆடுவார்கள். பேட்டைச் சுற்றாமல் பந்தை மெல்லத் தட்டிவிட்டு ஓடுவதற்கு அனுமதி இல்லை. ரன் எடுக்க ஓடுபவர் வரிசையாக மிதித்துச் சுற்றிவர வேண்டிய மூலைகள்தான் பேஸ்கள். பேட்டர் பந்தை அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது, அதாவது பேஸ் திருடுவது, அதற்கும் பல லீக்குகளில் அனுமதி இல்லை. மேற்கொண்டு நான் சொல்வதெல்லாம் ஸ்லோ பிட்சுக்குத்தான்.

கிரிக்கெட் ஆடிய கை, கண் இரண்டும் உங்களுக்குப் பெரிய உதவி. ஆனால் சில கிரிக்கெட் பழக்கங்கள் காலை வாரிவிடும்.

அடித்ததும் பேட்டைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடுவீர்கள். எல்லா கிரிக்கெட்காரர்களும் செய்வது இது. பேட்டை அங்கேயே கீழே விட வேண்டும். வீசி எறியவும் கூடாது, பின்னால் நிற்கும் கேட்சர்மேல் படும். பல லீக்குகளில் அதற்கே அவுட் கொடுத்துவிடுவார்கள். அடுத்தது, ஓடலாமா வேண்டாமா என்று யோசிக்கும் உரிமை உங்களுக்கு இல்லை. பந்து உள்ளே விழுந்தால் ஓடியே ஆக வேண்டும். "நோ" என்று கை காட்டி நின்றால் சிரித்துக்கொண்டே அவுட் ஆக்கிவிடுவார்கள். முதல் பேஸை மிதித்துக் கடந்து நேராக ஓடலாம், அங்கே வேகத்தைக் குறைக்கத் தேவையில்லை. இரண்டாம், மூன்றாம் பேஸ்களில் அப்படிக் கடந்துபோனால் பந்தோடு வந்து தொட்டுவிடுவார்கள்.

முதல் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் போகும் இரண்டு கோடுகளுக்கு நடுவே, முன்பக்கம் மட்டும்தான் ஆடுகளம். விக்கெட் கீப்பரைத் தாண்டிச் செல்லும் அழகான லேட் கட்டுக்கு இங்கே பெயர் ஃபவுல். அடிக்கும்படி வந்த பந்தைத் தவறவிட்டால் அது ஸ்டிரைக், மூன்று ஸ்டிரைக் ஆனால் அவுட். அடிக்க முடியாத இடத்தில் வந்து, நீங்கள் பேட்டைச் சுற்றாமல் விட்ட பந்து பால். இரண்டு ஸ்டிரைக் ஆன பிறகு ஃபவுல் அடித்தால் அவுட் என்ற விதி நிறைய லீக்குகளில் உண்டு. சில இடங்களில் நேரத்தை மிச்சப்படுத்த ஒரு பால், ஒரு ஸ்டிரைக் என்ற கணக்கோடுதான் பேட்டரே வந்து நிற்பார். உங்கள் லீக்கின் விதித்தாளை ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். அணியில் அதைப் படித்தவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார், அந்த ஒருவராக நீங்கள் இருந்தால் முதல் வாரத்திலேயே அணிக்குத் தேவைப்படுவீர்கள்.

பேட்டிங்கில் புதியவர் செய்யும் தவறு ஒன்றே ஒன்று: அவசரம். பந்து மெதுவாக வருகிறது, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது, ஆசை தாங்காமல் முன்னாலேயே பாய்ந்து சுற்றிவிடுகிறோம். பிட்சர் கையை விட்டு பந்து உங்களிடம் வந்து சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்தான். வளைவின் உச்சியைத் தாண்டி பந்து இறங்கத் தொடங்கும்போதுதான் முன்காலை வைக்க வேண்டும். தடுத்தாடும் நேர் பேட் இங்கே உதவாது. தோள் உயரத்திலிருந்து இறங்கி, இடுப்பளவில் கிடைமட்டமாகச் சுற்ற வேண்டும். வேலிக்கு வெளியே அனுப்பும் ஆசையை முதல் சீசன் முழுக்க ஒதுக்கிவையுங்கள். இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்கும் ஃபீல்டரான ஷார்ட்ஸ்டாப்புக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, அல்லது பிட்சரின் தலைக்கு மேலே, தாழ்வாக ஒரு கோடு போட்டமாதிரி அடித்தால் போதும். பொழுதுபோக்கு அணிகள் தோற்பது எதிரணியின் பெரிய அடியால் அல்ல, தாங்களே தூக்கி அடித்துக் கொடுத்த கேட்ச்களால்தான்.

இனி ஃபீல்டிங். என் கருத்தில் இந்த மட்டத்தில் ஆட்டத்தைத் தீர்மானிப்பது இதுதான், ஆனால் பயிற்சியின்போது யாரும் இதில் நேரம் செலவிட விரும்புவதில்லை.

கிளவுஸை எறியாத கையில் போட வேண்டும். வலக்கையால் எறிபவர் இடக்கையில் போடுவார். முதல் நாளில் பாதிப் பேர் மாற்றிப் போட்டுக்கொண்டு, பந்தைப் பிடித்ததும் கிளவுஸைக் கழற்றிவிட்டு எறிவார்கள். இடுப்புக்கு மேல் வரும் பந்துக்கு விரல்கள் வானம் பார்க்கட்டும், கீழே வரும் பந்துக்குத் தரை பார்க்கட்டும். மற்றக் கை பக்கத்திலேயே காத்திருந்து பந்து உள்ளே விழுந்ததும் மூட வேண்டும். கிரிக்கெட்டில் பந்தோடு சேர்ந்து கையைப் பின்னுக்கு இழுப்போமே, அந்தப் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும்.

தரையோடு வரும் பந்தை எங்கே எறிவது என்பதில்தான் குழப்பம். கிரிக்கெட்டில் ஸ்டம்பைக் குறிவைத்தால் போதும். இங்கே பந்தோடு பேஸை மிதித்தால் சில சமயம் அவுட், சில சமயம் ஓடுபவரின் உடலையே தொட வேண்டும். வித்தியாசம் எளிது. பின்னாலிருந்து ஒருவர் வருவதால் ஓடுபவருக்கு அந்த பேஸை விட்டு ஓடியே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், அவர் போக வேண்டிய பேஸை மிதித்தால் போதும். கட்டாயம் இல்லாமல் தானாக ஓடுகிறார் என்றால் தொட வேண்டும். இது பழக இரண்டு மூன்று ஆட்டங்கள் ஆகும். அதுவரைக்கும் பந்து வரும் முன்பே பக்கத்தில் நிற்பவரிடம் "எங்கே எறியணும்?" என்று கேட்டுவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பல வருடம் ஆடியவர்களும் ஒவ்வொரு பந்துக்கு முன்னும் அதையே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். எல்லைப் பக்கம் நிற்கும்போது எதுவும் புரியவில்லையா? பந்தை எடுத்து உடனே இரண்டாம் பேஸுக்கு எறிந்துவிடுங்கள். பத்தில் ஏழு எட்டு முறை அதுவே சரியான இடமாக இருக்கும். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும் ஒவ்வொரு விநாடியும் எதிரணிக்கு ஒரு பேஸ்.

உயரமாக எழும்பும் பந்துக்கு இரண்டு விஷயம். எல்லைப் பக்கம் நிற்பவர் முதல் அடியைப் பின்னோக்கி வைக்க வேண்டும், முன்னால் ஓடிவருவது சுலபம், தலைக்கு மேல் போன பந்தைத் துரத்துவது கடினம். அப்புறம், சத்தம். இருவர் ஒரே பந்துக்கு ஓடினால் "நான், நான்" என்று உரக்கக் கத்த வேண்டும். உள்ளே இருப்பவர் பின்னால் ஓடுகிறார், வெளியே இருப்பவர் முன்னால் ஓடிவருகிறார் என்றால் வெளியே இருப்பவருக்கே முன்னுரிமை, அவருக்குத்தான் பந்தும் களமும் சேர்ந்து தெரிகின்றன. இதை முதல் பயிற்சியிலேயே எல்லோரும் பேசிவைத்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த மோசமான அடிகளில் ஒன்று, இரண்டு நண்பர்கள் வாயைத் திறக்காமல் ஒரே பந்துக்கு ஓடி நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டது.

புதியவரை எங்கே நிறுத்துவது? பேட்டருக்கு வலப்பக்க எல்லையான ரைட் ஃபீல்டில் நிறுத்துவது வழக்கம், வலக்கை பேட்டர்கள் அதிகம் இடப்பக்கம் அடிப்பதால் அங்கே பந்து குறைவாக வரும். கேட்சராகவும் நிறுத்துவார்கள். இரண்டும் சரிதான், ஆனால் சீசன் முழுக்க அங்கேயே விட்டுவிடுவது பெரிய தவறு. பந்தே வராத இடத்தில் நிற்பவருக்குக் கைப்பழக்கம் எப்படி வரும்? ஆட்டம் எப்படியும் கைவிட்டுப் போய்விட்ட இன்னிங்ஸில், அல்லது பெரிய வித்தியாசத்தில் ஜெயித்துக்கொண்டிருக்கும் இன்னிங்ஸில், அவரை இரண்டாம் பேஸுக்குக் கொண்டுவாருங்கள். முதல் பேஸில் மட்டும் அனுபவம் இல்லாதவரை நிறுத்தாதீர்கள். உயரமானவர் என்பதற்காக நிறுத்துகிறார்கள், ஆனால் களத்திலேயே அதிக வேகமாகப் பந்து எறியப்படும் இடம் அதுதான். அணியில் நன்றாகப் பிடிப்பவர் அங்கே நிற்கட்டும்.

நட்பு கெடுமா என்றீர்கள். கெடலாம், நான் பார்த்திருக்கிறேன். தோல்வியால் அல்ல. வாரா வாரம் தோற்றுவிட்டு முகம் மலர்ந்து வீட்டுக்குப் போன அணியிலும் இருந்திருக்கிறேன், முதலிடம் வந்த வருடமே கலைந்த அணியிலும் இருந்திருக்கிறேன். கலைந்ததற்குக் காரணம் ஒரு வாக்கியம். சுலபமான தரைப் பந்து ஒன்று எங்கள் தோழி ஒருவரின் காலுக்கு நடுவே போனது. நன்றாக ஆடும் நண்பர் கைகளை விரித்து, "இதுகூடவா?" என்றார். கெட்ட எண்ணம் எதுவும் அவருக்கு இல்லை, ஜெயிக்கும் வேகத்தில் வந்த வார்த்தை. தோழி அடுத்த வாரம் வேலை இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரமும். அவரோடு சேர்ந்து வந்த இருவரும் நின்றார்கள். அன்று அணியை நடத்திக்கொண்டிருந்தவன் நான். அந்த நிமிடமே நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. இன்றும் அது எனக்கு உறுத்தல்தான்.

அதன் பிறகு நான் நடத்திய எல்லா அணியிலும் ஒரு விதி வைத்தேன். ஒருவர் பந்தைத் தவறவிட்டால் அதைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசலாம் என்றால் அடுத்த பந்தைப் பற்றி மட்டும்: "ஒரு அவுட், ரெண்டாவது பேஸ்ல ஆள், முதல் பேஸுக்கு எறி." திருத்தம் சொல்ல வேண்டுமா? பயிற்சி நாளில், தனியாக, அவர் கேட்டால். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தி யோசனை சொல்வதும் இதே அளவு கெடுதல். ஓடுபவருக்கு மூன்றாம் பேஸ் பக்கம் நிற்கும் ஒருவர் மட்டும் குரல் கொடுக்கட்டும், மற்றவர்கள் கைதட்டட்டும்.

இன்னொரு சண்டை, யார் எத்தனை இன்னிங்ஸ் வெளியே உட்கார்ந்தார்கள் என்பது. பத்துப் பேர் வேண்டும் என்றால் பட்டியலில் பதினான்கு பேர் இருக்கட்டும். வேலை, குடும்பம், உடம்பு என்று வாரம் மூன்று பேராவது வரமாட்டார்கள். பதினெட்டுப் பேர் சேர்த்தால் நல்ல வானிலை நாளில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். யார் எந்த இன்னிங்ஸில் எங்கே, யார் எப்போது வெளியே என்பதை ஆட்டத்துக்கு முன்பே தாளில் எழுதி எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டால், ஆட்டத்தின் நடுவே முகம் சுளிக்க இடமே இருக்காது. வந்தவர்கள் எல்லோரையும் பேட்டிங் வரிசையில் சேர்க்க உங்கள் லீக் அனுமதித்தால் கட்டாயம் சேருங்கள். பணத்தை சீசன் தொடங்கும் முன்பே வசூலித்துவிட வேண்டும். அதைக் கையாள ஒருவர், வரிசை எழுத இன்னொருவர். இரண்டையும் ஒரே தலையில் கட்டினால் அவர் ஒரு சீசனோடு சலித்துப்போவார்.

அடிபடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டு நேராகக் களத்துக்கு வருகிறவர்கள்தான் நம்மில் அதிகம். பேஸுக்குப் பேஸ் 65 அல்லது 70 அடி, சுமார் 20 மீட்டர். உட்கார்ந்திருந்தவர் எழுந்து திடீரென்று முழு வேகத்தில் 20 மீட்டர் ஓடினால் தொடையின் பின்பக்கத் தசை பிடித்துக்கொள்ளும். பத்து நிமிடம் முன்னால் வந்து மெதுவாக ஓடி, பக்கத்தில் நின்று எறியத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போங்கள்.

சறுக்கி பேஸைத் தொடும் ஆசை வேண்டாம். அமெரிக்காவில் டேவிட் ஜாண்டா என்ற மருத்துவரின் குழு பொழுதுபோக்கு சாஃப்ட்பால் ஆட்டங்களை ஒப்பிட்டு 1988இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. தரையோடு இறுக்கமாகப் பதித்த பேஸ்கள் இருந்த 627 ஆட்டங்களில் சறுக்கியதால் 45 காயங்கள். மோதினால் கழன்று வரும் பேஸ்கள் இருந்த 633 ஆட்டங்களில் 2 காயங்கள் மட்டும். உங்கள் மைதானத்தில் எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். முதல் பேஸில் வெள்ளையும் ஆரஞ்சுமாக இரட்டை பேஸ் இருந்தால், ஓடுபவர் வெளிப்பக்கத்து ஆரஞ்சை மிதிக்க வேண்டும், ஃபீல்டர் வெள்ளையை. மோதல் தவிர்க்கத்தான் அந்த ஏற்பாடு.

பிட்சராக நிற்கச் சொன்னால் முகக்கவசம் இல்லாமல் நிற்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது. அமெரிக்காவில் பேட்களுக்கு 2004இல் வந்த ஒரு தரக்கட்டுப்பாடு, அடிபட்ட பந்தின் வேகத்துக்கு மணிக்கு 98 மைல் என்று எல்லை வைத்தது. அந்த வேகத்தில் நேராக வரும் பந்து 50 அடியைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. கண் சிமிட்டித் திறப்பதற்குள் வந்துவிடும். அப்புறம் விரல்: நுனியில் பந்து பட்டு, நுனி தொங்கிப்போய் தானாக நிமிர்த்த முடியவில்லை என்றால் சுளுக்கு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். நிமிர்த்தும் நாண் அறுந்திருக்கலாம். ஆறு முதல் எட்டு வாரம் விரலை நேராக வைத்துக் கட்ட வேண்டி வரும்.

வாங்க வேண்டியது குறைவுதான். கிளவுஸ் மட்டும் சொந்தமாக இருக்கட்டும், அது உங்கள் கைக்குப் பழக வேண்டிய பொருள். சாஃப்ட்பாலுக்கென்றே செய்த, 12 முதல் 13 அங்குலம் அளவுள்ள ஒன்று எல்லா இடத்துக்கும் ஒத்துவரும். பேஸ்பால் கிளவுஸ் சிறியதாக இருக்கும், பந்து உள்ளே நிற்காது. புதுக் கிளவுஸ் விறைப்பாகத்தான் இருக்கும், அதைச் சூடு காட்டி இளக்கப் பார்க்காதீர்கள், தோல் கெட்டுவிடும். பந்தைப் பிடித்துப் பிடித்துத்தான் அது மடியும். ரப்பர் முள் வைத்த காலணி போதும், உலோக முள்ளைப் பெரும்பாலான பொழுதுபோக்கு லீக்குகள் அனுமதிப்பதில்லை. பேட் இப்போதைக்கு வாங்க வேண்டாம். அணியில் இரண்டு மூன்று பேரிடம் இருக்கும், எல்லாவற்றையும் பிடித்துப் பாருங்கள், எந்த எடை கைக்குப் பொருந்துகிறது என்று ஒரு சீசனில் தெரிந்துவிடும். அதோடு, லீக் அனுமதித்த பட்டியலில் இல்லாத பேட்டைக் கொண்டுபோனால் அம்பயர் வெளியே வைக்கச் சொல்லிவிடுவார்.

முதல் ஆட்டத்துக்கு இன்னும் சில நாள் இருந்தால், கூப்பிட்ட நண்பர்களில் ஒருவரை அழைத்துக்கொண்டு ஒரு புல்வெளிக்குப் போங்கள். பத்து அடி தள்ளி நின்று ஆளுக்கு ஐம்பது முறை எறிந்து பிடியுங்கள், பிறகு இருபது அடி, பிறகு நாற்பது. கடைசியில் சில பந்துகளை அவர் வானத்துக்கு எறியட்டும், "நான், நான்" என்று நீங்கள் சத்தமாகச் சொல்லிப் பிடியுங்கள்.